கணக்கு மாஸ்ரரின் மகனுக்கு ஒரு பொன்னாடை

யசீகரனுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. இப்போது எங்கள் தமிழ்ச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் அது செயற்குழுவின் தீர்மானம் என்பார்கள். செயற்குழுவாவது தீர்மானமாவது. சங்கத் தலைவர் என் மனுசன் ஏரம்பமூர்த்தி. சாப்பாட்டு மேசையில் நான் சொன்னேன், அவர் குழம்பை ஊற்றிக்கொண்டே "ஓம், செய்வம்" என்றார். தீர்மானம் நிறைவேறியது அப்படித்தான்.

என் பெயர் வசந்தமலர். வார நாட்களில் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சரக்கு ஷெட்டில் மீன் பெட்டி கட்டுகிறேன். சனி ஞாயிறுகளில் நான் வேறு ஆள். ஓக்லண்டில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் மைக் என் கையில்தான். பட்டுச்சேலை கட்டி, தொண்டையைச் செருமி, "பேரன்புமிக்க சபையோரே" என்று நான் தொடங்கினால் பின்வரிசையில் வடை தின்கிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். "மலரக்காவுக்கு என்ன குரல்" என்று விழா முடிந்ததும் யாராவது வந்து சொல்லாமல் போனதில்லை. நான் கட்டுகிற பெட்டியை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அதனால் அந்தக் குரலில் எனக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே திமிர் இருந்தது.

யசீகரன் ஹார்லண்ட் தீவின் நிதிச் செயலாளர். பசிபிக்கில் பிரித்தானியாவிடம் இன்னும் மிச்சமிருக்கிற ஒரு சின்னத் தீவு அது. காலனி என்று இப்போது சொல்லக்கூடாதாம், நாகரிகமாக வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் லண்டன் அனுப்பிய கவர்னர் இருக்கிறார், கவர்னருக்கு இறகு வைத்த தொப்பி இருக்கிறது, காசுப் பெட்டியைப் பூட்டுகிற திறப்பும் லண்டன் வைத்த ஆளிடம்தான் இருக்கிறது. பிறகு அதற்கு வேறென்ன பெயர்? அந்தத் திறப்பு எங்கள் ஊர்க் கரவெட்டிப் பெடியனின் கையில் இருக்கிறது, அதுவும் சபாரத்தினம் மாஸ்ரரின் மகனின் கையில் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் புல்லரித்தது. மாஸ்ரர் எனக்கும் கணக்குப் படிப்பித்தவர். அவர் வகுப்புக்குள் கால் வைத்தால் மூச்சு விடுகிற சத்தமும் நின்றுவிடும்.

மார்ச் மாதம் அவன் ஓக்லண்டுக்கு வந்திருந்தான். ஏன் வந்தான் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. யாராவது வந்தால் எங்களுக்கு இரண்டே கேள்விகள்தான்: எந்த ஊர், ஆரின்ரை மகன். இரண்டுக்கும் நல்ல பதில் வந்துவிட்டால் அடுத்தது பொன்னாடை. தீவில் சனம் தெருவுக்கு வந்துவிட்டது, திறைசேரிக் கட்டடத்தைச் சூழ்ந்துவிட்டது, நிதிச் செயலாளரைக் கவர்னர் அவசரமாக விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார் என்பதெல்லாம் செய்தியில் வந்ததுதான். டிவியில் காட்டியபோது நான் வாழ்த்துப்பாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட எந்தக் கடை மலிவு என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்தவனை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டோம்.

விழா ஈஸ்ட் டாமாக்கியில், சுற்றிவரப் பண்டகசாலைகள் நிற்கிற தெருவில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. வழக்கம் போல முதலில் அகவணக்கம். போரில் செத்துப்போன எங்கள் சனத்துக்காக எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றோம். அறிவித்ததும் நான்தான். அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, கடைசிச் சொல்லில் சிறிது நடுங்கவிட வேண்டும். எனக்கு அது கைவந்த வேலை. பிறகு விளக்கேற்றினார்கள், பிள்ளைகள் நடனம் ஆடினார்கள், என் மனுசன் பொன்னாடை போர்த்தினார், நான் வாழ்த்துப்பாவை ராகத்தோடு வாசித்தேன். பிறகு ஏற்புரைக்கு அழைத்தேன்.

யசீகரன் நல்ல நிறமான கோட் போட்டு, அதற்கு மேல் பொன்னாடையோடு நின்றான். இருபது வருசமாக வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் வாயைக் கட்டி வாழ்ந்தவன். முன்னால் முழுக்கத் தமிழ்ச் சனம். மைக் கையில் வந்ததும் அவனுக்கு வெறி ஏறிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். முதலில் அப்பாவைப் பற்றிப் பேசினான், ஊரைப் பற்றிப் பேசினான். பிறகு தீவுக்கு வந்தான்.

"துறைமுகம் கட்டுற கம்பனிக்குக் காசு முடிஞ்சு போச்சு. தீவுச் சனத்தின்ரை பென்சன் நிதி சும்மா கிடந்தது. தீவுச் சபையைக் கேட்டால் ஒத்துக்கொள்ளாயினம் எண்டு எனக்குத் தெரியும். அதாலை நான் கேக்கவே இல்லை. காசை அனுப்பிப்போட்டுப் பிறகுதான் சொன்னன்" என்றான்.

மண்டபத்தில் சிரிப்பு. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

"சனம் முழுக்க வந்து திறைசேரி வாசலிலை நிண்டு கத்துது. அதுகளுக்கு ஒரு கணக்கும் விளங்காது. கவர்னர் கை நடுங்கிக்கொண்டு நிக்கிறார். நான்தான் சொன்னன், சேர், புகைக்குண்டை அடிச்சுவிடச் சொல்லுங்கோ, அதுகள் வீட்டை போயிடுங்கள் எண்டு. அடிச்சாங்கள். போயிட்டுதுகள்."

அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். நிகழ்ச்சி நடத்துகிறவளுக்கு இடைவெளியைக் கண்டால் நாக்கு அரிக்கும். நான் என் மைக்கை எடுத்தேன்.

"பின்னை என்ன. கணக்கு மாஸ்ரரின்ரை மகனெல்லே. கத்துற வகுப்பை எப்பிடி அடக்கிறது எண்டு அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்க வேணுமோ?" என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. மாஸ்ரரிடம் அடி வாங்கியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராவது அங்கே இருந்தார்கள். அவர்கள் கதிரையில் தட்டிச் சிரித்தார்கள். யசீகரன் கைகூப்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டு அதுதான். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அதை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். என் மேசையில் எனக்கு எதிரே நின்று வேலை செய்கிறவள் மேவிஸ். நான் பெட்டிக்குள் ஐஸ் பையை வைத்தால் அவள் மூடி, டேப் ஒட்டுவாள். ஆறு வருசமாக அப்படித்தான். அன்றைக்கு அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். லஞ்ச் ரூமில் ஒரு கார்டு வைத்திருந்தார்கள், எல்லோரும் மேவிஸுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் பேனாவை எடுத்தேன். என்ன நடந்தது என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"அவளுடைய தம்பியை நேற்று இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். தலையில் புகைக்குண்டு பட்டுவிட்டதாம். ஊர் ஆஸ்பத்திரியால் முடியவில்லை. உனக்குத் தெரியாதா, ஹார்லண்ட் தீவில் கலவரம்" என்றார்.

நான் பேனாவோடு நின்றேன். மேவிஸ் ஹார்லண்ட் தீவுக்காரி என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவள் ஐலண்டர். ஏதோ ஒரு தீவு. யாராவது என்னை இந்தியாக்காரியா என்று கேட்டால் அன்றைக்கு முழுவதும் எனக்குக் கொதிக்கும். நின்று நிதானமாக இலங்கை, வடக்கு, யாழ்ப்பாணம் என்று விளங்கப்படுத்துவேன். மேவிஸுக்கும் ஒருநாள் அப்படி விளங்கப்படுத்தியிருக்கிறேன், அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். நீ எந்த ஊர் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கரவெட்டிக்காரனை மேடைக்கு ஏற்ற ஓடி ஓடி விசாரித்த நான், ஒரு முழம் தள்ளி நின்றவளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. வெட்கம் கெட்ட பிறவி நான். கார்டில் பெயரை எழுதினேன், என் எழுத்து எனக்கே பிடிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனுசனிடம் சொன்னேன். அவர் போனை எடுத்தார். சங்கத்தின் ஃபேஸ்புக்கில் விழாவின் வீடியோ முழுதாகக் கிடந்தது. அதை எடுக்கச் சொல்லிச் செயலாளர் தனோஜனுக்குச் சொன்னார்.

"இனி அந்தக் கதை வேண்டாம். உமக்கும் நல்லதில்லை" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

மேவிஸ் திரும்ப வேலைக்கு வந்தாள். தம்பியின் பெயர் நீல் என்று சொன்னாள். கண்ணைத் திறக்கிறான், பிடித்த கையை அழுத்துகிறான், பேச்சு இல்லை. வேலை முடிந்ததும் நேரே அவனிடம் போய்விடுவாள். அவளிடம் உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாய் எடுத்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன், வடை சுட்டேன், இடியப்பம் அவித்துச் சொதியும் கொண்டு போனேன். பாவம், அவள் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டாள், தம்பிக்கும் மணக்கக் காட்டினேன் என்று சொன்னாள். "நீ நல்லவள்" என்று ஒருநாள் என் தோளைத் தொட்டாள். எனக்கு அந்தத் தோளைக் கழற்றி எறியலாம் போல இருந்தது.

ஆகஸ்டில் விசாரணைக் குழு வந்தது. பென்சன் நிதி எப்படிப் போனது, சனத்தின் மேல் குண்டு அடிக்கச் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க லண்டன் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியை நியமித்திருந்தது. தீவில் இருக்கிற சனத்தின் பாதியளவு தீவுக்காரர் மங்கரேயிலும் இருப்பதால் சில அமர்வுகள் இங்கே. மேவிஸ் டேப் ஒட்டிக்கொண்டே எனக்கு அதை விளங்கப்படுத்தினாள். காசை எடுத்தது தீவுச் சபையின் முடிவு என்று தீர்ந்தால் லண்டன் ஒரு சதமும் திருப்பித் தராது, கிழவர் கிழவிகளுக்குப் பென்சன் போனது போனதுதான். லண்டன் வைத்த ஆள் சபையைக் கேட்காமல் தெரிந்தே எடுத்தார் என்றால் லண்டன் கட்ட வேண்டும்.

"அந்த ஆள் சத்தியம் செய்து சொல்கிறார், எல்லாம் சபை வாயால் ஒத்துக்கொண்டதுதானாம். குண்டு அடிக்கச் சொன்னது யாரென்று தனக்குத் தெரியாதாம்" என்றாள். பிறகு, "உங்கள் ஆட்கள் அவருக்கு ஒரு விழா வைத்தார்கள், தெரியுமா? எங்கள் பெடியன் ஒருவன் வீடியோவில் பார்த்தானாம். மொழி விளங்கவில்லையாம், எல்லோரும் சிரிக்கிறது மட்டும் தெரிந்ததாம்" என்றாள்.

நான் ஐஸ் பையை வைத்தேன். "கேள்விப்பட்டேன்" என்றேன். இதைவிடப் பெரிய பொய்யை நான் அந்த மேசையில் சொன்னதில்லை.

வீடியோவைப் பார்த்த அந்தப் பெடியன் விசாரணைக் குழுவின் வக்கீலிடமும் சொல்லியிருந்தான். வக்கீல் சங்கத்தைக் கேட்டார். வீடியோ அழிந்துவிட்டது, சத்தமும் சரியில்லை, என்ன பேசினார் என்று ஞாபகம் இல்லை என்று சங்கம் பதில் சொன்னது. மண்டபம் நிறைய இருந்த சனத்துக்கு ஒரே நேரத்தில் மறதி நோய். கடைசியில் வக்கீல் நிகழ்ச்சி நடத்திய பெண்மணி யார் என்று கேட்டு என்னை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் செயற்குழு எங்கள் வீட்டு ஹோலில் கூடியது. தேத்தண்ணி நான்தான் கொடுத்தேன்.

"மலரக்கா, நீங்கள் போய் ஞாபகம் இல்லை எண்டு சொன்னால் போதும். அதோடை முடிஞ்சுது. எங்கடை பெடியனை நாங்களே காட்டிக் குடுக்கிறதே?" என்றான் தனோஜன்.

காட்டிக் கொடுக்கிறது என்ற சொல் எங்கள் சனத்திடம் சும்மா சொல்லுகிற சொல் இல்லை. அந்தச் சொல்லுக்கு உயிர் போனதை இந்த ஹோலில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறோம். என் மனுசன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு யசீகரனே போன் எடுத்தான்.

"அக்கா, சுகமே? நான் உங்களைக் கரைச்சல் படுத்திறன் எண்டு நினையாதேங்கோ. இஞ்சை எல்லாரும் சேர்ந்து என்ரை தலையிலை போடப் பாக்கிறாங்கள். கவர்னர் தப்பிடுவார், அவர் அவங்கடை ஆள். கறுத்தவன் நான்தான் மாட்டுவன். உங்களுக்குத் தெரியாததே?"

தெரியும். அதில் பொய் இல்லை. இறகுத் தொப்பிக்காரர் ஊருக்குப் போய்ப் பென்சன் வாங்குவார், இவன் தெருவில் நிற்பான். அதுதான் என்னை அன்றைக்கு முழுவதும் போட்டு உலைத்தது.

"தம்பி, கேக்கவே இல்லை எண்டு நீர்தானே சொன்னனீர்" என்றேன்.

"அது எங்கடை ஆக்களுக்கு நடுவிலை பகிடிக்குச் சொன்னது, அக்கா. நீங்களும்தானே பகிடி விட்டனீங்கள். அதையும் அங்கை சொல்லப் போறியளே?"

அவன் என்னை வெருட்டவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே படகு என்று நினைவுபடுத்தினான். அவன் சொன்னதைச் சொன்னால் நான் சொன்னதும் வெளியே வரும், மேவிஸ் முன்வரிசையில் இருப்பாள். போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. அவமானத்தில் முகம் மட்டும் காந்தியது.

விசாரணை மங்கரேயில் ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. நாங்கள் விழாக்களுக்கு வாடகைக்கு எடுக்கிற அதே வகைப் பிளாஸ்டிக் கதிரைகள். மனுசன் என்னைக் கொண்டுவந்து விட்டார், உள்ளே வரவில்லை. "நான் காருக்குள்ளை இருக்கிறன்" என்றார். இறங்கும்போது, "உமக்கு விருப்பமானதைச் சொல்லும்" என்றார். முப்பது வருசத்தில் அவர் சொன்ன சொந்த யோசனை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே தீவுச் சனம். கிழவர்கள் நல்ல சட்டை போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மேவிஸ் மூன்றாவது வரிசையில் இருந்தாள். என்னைக் கண்டதும் கை காட்டினாள், தனக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். என் பெயரைக் கூப்பிட்டு நான் சாட்சிக் கதிரைக்குப் போனபோது அந்தக் கை மெல்ல இறங்கியது. யசீகரன் தன் வக்கீலுக்குப் பக்கத்தில் இருந்தான். அவன் முகம் மாஸ்ரருடைய முகம்.

நீதிபதி ஒரு மெலிந்த வெள்ளைக்கார மனுசி. யசீகரன் பேசியதை இங்கிலீஷில் சுருக்கிச் சொல்ல வேண்டாம், தமிழில் அப்படியே சொல்லும்படி கேட்டார். மொழிபெயர்க்க அபர்ணா என்று ஒரு சென்னைப் பிள்ளை வந்திருந்தாள்.

"மேடம், அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே சொல்லுங்க. நிறுத்தி நிறுத்திச் சொன்னா போதும், நான் சொல்லிடுறேன்" என்றாள்.

எனக்கு ஒருமுறை கேட்டால் மறக்காது. மேடையில் அதுவும் ஒரு தேவை. சபையைக் கேக்கவே இல்லை என்றதிலிருந்து, அதுகள் வீட்டை போயிடுங்கள் என்றது வரை சொன்னேன். அபர்ணா எந்த உணர்ச்சியும் காட்டாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு கிழவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யசீகரனின் வக்கீல் எதையோ எழுதினார்.

"சபையோர் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"சிரித்தார்கள்."

"அவர் புகைக்குண்டைப் பற்றிச் சொன்னபோதா?"

"அதுக்குப் பிறகு. ஒரு பகிடி சொல்லப்பட்டது."

சொல்லப்பட்டது. நான் எப்படிப்பட்ட கெட்டிக்காரி என்று பாருங்கள்.

"அந்தப் பகிடியையும் சொல்லுங்கள்."

சொன்னேன். கணக்கு மாஸ்ரரின்ரை மகனெல்லே என்று வேகமாகச் சொல்லி முடித்தேன். அபர்ணா வாயைத் திறந்தாள், பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"இது அவரே சொன்னதா மேடம், இல்ல கூட்டத்துல வேற யாராவது சொன்னதா? நான் சொல்லும்போது யாருன்னு சொல்லணும், அதுக்குக் கேக்குறேன்."

யாரோ என்று சொல்லியிருக்கலாம். சபையில் ஒருவர் என்று சொல்லியிருக்கலாம். அழிந்துபோன வீடியோவைத் தேடி எடுத்து யாரும் வந்து என்னைப் பிடிக்கப் போவதில்லை. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன், தீவுச் சனத்துக்கு என் பகிடியால் ஒரு லாபமும் இல்லை. நல்லவள் என்ற பெயரோடு எழும்பிப் போய் நாளைக்கு வடை சுடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்த யாரோ. மேவிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து என்ன வரும் என்று அல்ல, இவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்று விளங்காமல் பார்த்தாள். ஆறு வருசம் எனக்கு எதிரே நின்ற முகம்.

"நான்தான் பிள்ளை சொன்னனான். மைக்கிலை" என்றேன்.

அபர்ணா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சாட்சியே அதைச் சொன்னார் என்று தொடங்கி, இங்கிலீஷில் சொன்னாள். அந்த மொழியில் அது சின்ன வசனம். ஒருவரும் சிரிக்கவில்லை. பதிவு செய்கிற பெண்ணின் விசைகள் தட்டுப்பட்டு நின்றன. வகுப்பு என்றது தங்களைத்தான் என்று விளங்க அந்தக் கிழவர்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர்கள் கோபப்படவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்கள். தெருவில் நின்று கத்தியதற்கு இப்போது அவர்கள் வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. அதைக் காண எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வெட்கப்பட வேண்டியவள் இங்கே இருக்கிறேன் என்று எழும்பிச் சொல்ல நினைத்தேன். நீதிபதி நன்றி சொல்லி என்னை அனுப்பினார்.

வெளியே வந்தபோது மேவிஸ் என்னைத் தாண்டித் தன் சனத்தோடு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சேரும்போதே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். துரோகி என்று யாரோ எழுதியதைத் தெரிந்தவள் ஒருத்தி எடுத்து அனுப்பியிருந்தாள். ஆனால் அந்த வாரக் கடைசிக்குள் மண்டபத்தில் இருந்த இன்னும் இரண்டு பேருக்கு ஞாபகம் திரும்பி, வக்கீலுக்குப் போன் பண்ணினார்களாம். யசீகரனின் வக்கீல், சபை ஒத்துக்கொண்டது என்ற வாக்குமூலத்தைத் திருத்த அனுமதி கேட்டாராம். பென்சன் திரும்பி வரும் போல இருக்கிறது என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். மேவிஸிடமிருந்து அல்ல, வேறு ஆட்களிடமிருந்துதான் நான் அதைக் கேட்டேன்.

மேவிஸ் மேசை மாற்றிக் கேட்கவில்லை. எதிரேதான் நின்றாள். நான் ஐஸ் பை வைத்தேன், அவள் மூடி ஒட்டினாள். நான் சாப்பாடு கொண்டுபோவதை நிறுத்தியிருந்தேன். பல நாட்களுக்குப் பிறகு ஒரு காலை அவள் டேப்பைக் கீழே வைத்தாள்.

"அதை உன் மொழியில் சொல்லு. அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி அல்ல, அன்றைக்கு நீ சொன்ன மாதிரி. எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று நான் கேட்க வேண்டும்" என்றாள்.

"வேண்டாம், மேவிஸ்."

"சொல்லு."

ஃபோர்க்லிஃப்ட் சத்தம் ஓயும் வரை நின்றேன். மெதுவாக, இரகசியமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். பின்னை என்ன என்றதும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. மகனெல்லே என்ற இடத்தில் குரல் எழும்பியது, கடைசிக் கேள்வியில் சரியாக இழுத்து நிறுத்தியது. சனி ஞாயிறுக் குரல். கை கூட மைக்கைப் பிடிக்கிற மாதிரி உயர்ந்துவிட்டது. முடித்ததும் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேவிஸ் தலையை ஆட்டினாள்.

"நல்ல குரல் உனக்கு" என்றாள்.

அவள் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே சொன்னாள். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்ட அந்தச் சொல் எனக்கு அன்றைக்குக் காறித் துப்பியதை விட மோசமாக இருந்தது. அவள் திரும்ப டேப்பை எடுத்தாள். கொஞ்சப் பெட்டிகள் போன பிறகு நான் கேட்டேன், உன் தம்பியை வந்து பார்க்கலாமா என்று.

அவள் இன்னொரு பெட்டியை மூடி ஒட்டினாள்.

"வா. ஆனால் அங்கே வாயைத் திறக்காதே. அவனுக்குக் காது கேட்கிறது" என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீலின் தலையில் தையல் போட்ட பக்கம் மயிர் இன்னும் முளைக்கவில்லை. ஜன்னலோரம் கதிரை இருந்தது, மேவிஸ் அதைக் காட்டினாள். அவள் தம்பியிடம் ஊர்ச் செய்திகள் சொன்னாள், யாருடைய படகு பழுது, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று. ஒரு தரம் அவன் கண் என் பக்கம் வந்து நின்றது. இவள் என்னோடு வேலை செய்கிறவள் என்று மேவிஸ் சொன்னாள். வணக்கம் என்ற சொல் வாய்க்குள் வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன், கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர் நேரம் முடியும் வரை இருந்தேன்.